கேட்டால்தான் சட்டம்

வகுப்பறைக்குள் ஒரு பரண் போட வேண்டும். என்ன செய்யலாம்? தச்சரைக் கூப்பிடலாம் என்று நீங்கள் சொன்னால், இந்த நாட்டுக்கு நீங்கள் புதியவர். முதலில் கணக்குப் போட வேண்டும்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு என்று ஒன்று இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1970இல் முதல் முறையாக வெளியிட்டது. கடைசியாக 2016இல் திருத்தி, இரண்டு தடித்த பாகங்களாகக் கொண்டுவந்தது. அதன்படி பள்ளி வகுப்பறைக்குக் கூரை உயரம் 3.6 மீட்டர் இருக்க வேண்டும். குளிர்ப்பிரதேசம் என்றால் 3 மீட்டர் போதும். பரண் போட்டால் அதற்கு அடியில் 2.2 மீட்டர் விட வேண்டும். பரணின் உள்ளுயரம் ஒன்றரை மீட்டரைத் தாண்டக் கூடாது. அதில் ஏறுவதற்கு நிரந்தரப் படி வைக்கக் கூடாது, ஏனென்றால் பரண் பொருள் வைப்பதற்கு, ஆள் ஏறுவதற்கு அல்ல. ஆள் ஏறி உட்கார வேண்டுமா? அப்படியானால் அது பரண் இல்லை, மெஸனைன் எனும் இடைத்தளம். அதற்கு மேலேயும் 2.2 மீட்டர் உயரம் வேண்டும், கட்டடத்தின் தளப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவும் கூடாது.

கணக்கு எளிது. 3.6இலிருந்து 2.2 போனால் 1.4. ஐந்தாம் வகுப்பு முடிக்கிற ஒரு பிள்ளையின் உயரம் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் பலகையின் கனம், அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் கனம் எல்லாம் போக, அந்தப் பிள்ளை கொஞ்சம் குனிய வேண்டியிருக்கும். இந்த நாட்டில் குனியப் பழகுவதற்குப் பள்ளிக்கூடத்தைவிட நல்ல இடம் எது என்று நீங்கள் கேட்கலாம். விதி ஒப்புக்கொள்ளாது. பிள்ளையை மேலே ஏற்றாதே என்கிறது. அரிசி மூட்டையை ஏற்று, பழைய வினாத்தாளை ஏற்று, உடைந்த பெஞ்சை ஏற்று. பிள்ளை தரையில் இருக்கட்டும்.

அமெரிக்காவில் சில ஆசிரியர்கள் வகுப்பறை மூலையில் மரத்தால் ஒரு மேடை எழுப்பி, மெத்தை போட்டு, பிள்ளைகளை ஏறி உட்கார்ந்து வாசிக்க விடுகிறார்கள். அங்கே பரவலாகப் பின்பற்றப்படும் கட்டட விதியும் இதே மூன்றில் ஒரு பங்கைத்தான் சொல்கிறது. மேலேயும் கீழேயும் 7 அடி வேண்டும் என்கிறது. நம்முடைய 2.2 மீட்டரை அடிக்கு மாற்றினால் 7 அடி இரண்டரை அங்குலம். தலைக்கு மேல் விட வேண்டிய இடத்தில் நாம் அமெரிக்காவைவிட இரண்டரை அங்குலம் உயர்ந்தவர்கள். காகிதத்தில்.

இந்த விதியை நான் கேலி செய்யவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல விதி. ஒரு சதுர மீட்டருக்கு 300 கிலோ தாங்கும்படி வகுப்பறைத் தளம் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை. 50 கிலோ அரிசி மூட்டை ஆறைத் தூக்கி ஒரு சதுர மீட்டரில் அடுக்கினால் கணக்கு முடிந்துவிடும். ஏழாவது மூட்டையைப் போட்டால் அடியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் தலை கணக்கில் வரும். இதையெல்லாம் உட்கார்ந்து யோசித்து எழுதியவர்களுக்கு வணக்கம். என் சண்டை விதியோடு இல்லை. அது யார் கதவைத் தட்டுகிறது என்பதோடுதான்.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் பள்ளிவாசல் என்கிற ஊரில் ஒரு பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொள்வோம். கற்பனைதான், பெயர் வேண்டாம். அடிமாலியிலிருந்து மூணாறுக்கு ஏறுகிற சாலையில், சித்திராபுரத்துக்கும் இரண்டாம் மைலுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. தமிழ் மீடியம். தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். ஜூன் மாதம் பள்ளி திறக்கிற அன்றே மழையும் திறந்துவிடும். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை முடிந்து, துலாமழை எனும் வடகிழக்குப் பருவமழையும் ஓய்வதற்குள் அரையாண்டுப் பரீட்சை வந்துவிடும். அதுவரை தரையில் வைத்த எதுவும் உலராது. மதிய உணவுக்கு வந்த அரிசிச் சாக்கு அடியில் ஈரம் கோத்து, முட்டுக் கொடுத்த செங்கலோடு ஒட்டிக்கொள்ளும். கஞ்சிப்புரை என்கிற சமையல் கொட்டகையில் இடமில்லாததால் சாக்குகள் மூன்றாம் வகுப்பின் பின்சுவரோடு சாய்ந்திருக்கின்றன. சாக்கு இருந்தால் எலி வரும். எலி வந்தால் அதைத் தேடிக்கொண்டு எது வரும் என்று மலையில் பிறந்த எந்தப் பிள்ளையும் சொல்லும்.

ஹெச்.எம். டீச்சர் நேர்மையான பெண்மணி. அவருடைய துன்பத்துக்கெல்லாம் காரணம் அதுதான். சாக்குகளை ஏற்றி வைக்க, சுவரோடு சுவராக ஜி.ஐ. பைப்பில் ஒரு சட்டம், மேலே பலகை, ஒரு பரண். பி.டி.ஏ.வில் பணம் இருக்கிறது. வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவரின் பிள்ளையும் அங்கேயே படிக்கிறது, கூலி வேண்டாம் என்கிறார். ஒரு சனிக்கிழமை வேலை. ஆனால் டீச்சர் முதலில் ஒரு மனு எழுதினார்.

மனு பஞ்சாயத்துக்குப் போகிறது. 2019இல் வந்த கேரளப் பஞ்சாயத்துக் கட்டட விதிகளைப் புரட்டிப் பார்த்த அலுவலகம், இது உள்மராமத்தா, புதுக் கட்டுமானமா என்று யோசிக்கிறது. யோசிப்பதற்கு நேரம் பிடிக்கும். பள்ளிக்கூடம் என்பதால் கல்வித்துறைக்கு ஒரு நகல் வேண்டும். ஏ.இ.ஓ. ஆபீஸ், எஞ்சினியரின் எஸ்டிமேட் எங்கே என்று கேட்கிறது. எஞ்சினியர், நிலத்தின் பட்டா எங்கே என்று கேட்கிறார். நிலமோ பழைய கதை. பள்ளிவாசலில் நிலக்கதை என்றால் மின்நிலையத்துக்காக எடுத்த நிலம், கம்பெனி நிலம், ஏலப்பட்டா, ஆக்கிரமிப்பு நிலம், யாருடையது என்று யாருக்கும் தெரியாத நிலம் என்று பல அத்தியாயங்கள். எனவே வில்லேஜ் ஆபீஸ். வில்லேஜ் ஆபீஸில் ஒரு காகிதத்தைக் காட்டுகிறார்கள்.

அந்தக் காகிதம் மட்டும் கற்பனை இல்லை. மூணாறு பகுதியில் வருவாய்த்துறையின் தடையில்லாச் சான்று இல்லாமல் கட்டடம் எழுப்பக் கூடாது என்று 2010இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. 2019இல் அரசு உத்தரவு வந்து, பள்ளிவாசல் உட்பட இடுக்கியின் எட்டு கிராமங்களில் என்.ஓ.சி. இல்லாமல் கல் வைக்க முடியாது என்று ஆனது. அந்த உத்தரவில் எந்தத் தவறும் இல்லை. அந்த மலையைப் பார்த்தவர்கள் அதை ஆதரிப்பார்கள். ஆனால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வில்லேஜ் ஆபீஸ் வாசலில் நிற்கிற டீச்சரை நினைத்துப் பாருங்கள். கேட்பது ஒரு பரண்.

கடைசியில் ஓவர்சியர் நேரில் வருகிறார். நல்ல மனிதர். டீ குடிக்கிறார், பின்சுவரைத் தட்டிப் பார்க்கிறார், டேப்பை இழுத்து அளக்கிறார், பெருமூச்சு விடுகிறார். மலையாளம் கலந்த தமிழில் சொல்கிறார்:

“டீச்சரே, எதுக்கு இந்த வம்பு? பலகையை அடிச்சிருந்தா யாரு வந்து பார்க்கப் போறா? இப்ப நீங்க எழுதித் தந்துட்டீங்க. எழுதித் தந்தா நான் வந்து பார்க்கணும். பார்த்தா, முடியாதுன்னு எழுதணும்.”

“அப்ப கேட்டதுதான் தப்பா சார்?”

“தப்புன்னு சொல்லல டீச்சரே. கேட்டா ரூல் இருக்கு. கேட்கலேன்னா ரூல் இல்ல. அவ்வளவுதானே?”

கேரளத்தில் மட்டுமல்ல, கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை கட்டட விதிகளின் சாரம் இந்த இரண்டு வரியில் இருக்கிறது. இதைத் தொகுப்பின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருந்தால் அத்தனை பக்கங்களை மிச்சம் பிடித்திருக்கலாம்.

ஓவர்சியர் பைக்கை ஸ்டார்ட் பண்ணுகிற இடத்தில் நின்றுகொண்டு எதிர்மலையைப் பாருங்கள். போத்தமேடு பக்கம், ஆற்றுக்காடு அருவிக்குப் போகும் வழி, ஆனச்சால் திரும்பும் வளைவு, எங்கே கண்ணை ஓட்டினாலும் சரிவில் கண்ணாடி மின்னுகிறது. சாலையிலிருந்து பார்த்தால் இரண்டு மாடி. பின்பக்கம் பள்ளத்தாக்குக்குள் இறங்கிப் பார்த்தால் அதே கட்டடத்துக்கு இன்னும் சில மாடிகள் கீழ்நோக்கிப் போகின்றன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாகச் சொல்வார்கள். இங்கே முழு ஓட்டலையே மலையில் மறைத்திருக்கிறார்கள். அந்த மாடிகளுக்கு டேப் பிடித்து அளக்கப் போனவர்கள் இல்லாமல் இல்லை. 2007இல் முதல்வர் வி.எஸ். அச்சுதானந்தன் மூன்று அதிகாரிகளை அனுப்பினார். ஊடகங்கள் அவர்களைப் பூனைகள் என்றே அழைத்தன. புல்டோசர் வந்தது, சில கட்டடங்கள் விழுந்தன, கட்சி அலுவலகங்களின் பட்டா பக்கம் பூனை திரும்பியதும் எலிகள் ஒன்றுகூடின, பூனைகள் ஊர் திரும்பின. சில விடுதிகளை இடித்த முறையே சட்டப்படி சரியில்லை என்று பின்னாளில் நீதிமன்றமும் சொன்னது. ஆக, மாடி கட்டுவதற்கு அனுமதி வேண்டாம், இடிப்பதற்குத்தான் முறை வேண்டும்.

அந்த மலையில் நிறைய நிலம், 1964ஆம் ஆண்டின் நிலப்பதிவு விதிகளின்கீழ் பட்டாவாகக் கொடுக்கப்பட்டது. எதற்குக் கொடுத்தார்கள்? விவசாயம் செய்ய, வீடு கட்டிக் குடியிருக்க. விருந்தினருக்கு மூடுபனி காட்ட என்று எந்தப் பட்டாவிலும் எழுதவில்லை. விதி மீறப்பட்டது. மீறல் பெருகியது. பெருகினால் என்ன செய்ய வேண்டும்? நீங்களும் நானும் நினைப்பது வேறு. 2023 செப்டம்பரில் கேரளச் சட்டமன்றம், நிலப்பதிவுச் சட்டத்தைத் திருத்தியது. பட்டாவின் நிபந்தனையை மீறி எழுந்த கட்டடங்களை முறைப்படுத்த அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. ஆளுநர் பல மாதம் வைத்திருந்து 2024 ஏப்ரலில் கையெழுத்திட்டார். ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்று பேதமில்லாமல் இடுக்கியின் எல்லாக் கட்சிகளும் நிலப்பிரச்சினையைத் தீர்க்க வேண்டும் என்று ஊர்வலம் போயிருக்கின்றன. ஏழை விவசாயி தன் ஐந்து சென்டில் கட்டிய கடையையும் வீட்டையும் காப்பாற்றத்தான் இது என்றார்கள். உண்மைதான், அப்படிப்பட்ட ஏழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களை முன்னால் நிற்க வைத்தால் அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஆறு மாடி மறைந்துகொள்ளும் என்பதும் உண்மைதான்.

இதையும் டீச்சரின் பரணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மலையை அறுத்துக் கட்டியவனுக்குச் சட்டமன்றம் கூடுகிறது. பலகை கேட்டவருக்கு ஓவர்சியர் வருகிறார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பது பழமொழி. அந்த ஆண்டி மனு வேறு எழுதிக் கொடுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

2018 ஆகஸ்டில் பெருமழை வந்தபோது பள்ளிவாசலில் ஒரு சொகுசு விடுதிக்குப் போகிற பாதை மண்சரிவில் அடைபட்டது. வெளிநாட்டுப் பயணிகள் உட்பட விருந்தினர்கள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். அமைச்சர்கள் பேசினார்கள், ராணுவம் வந்தது, உலகச் செய்தியானது. நல்லதுதான், எல்லா உயிரும் உயிர்தான். இரண்டு ஆண்டு கழித்து, 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, அதே தாலூகாவில் ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மலை இடிந்து தோட்டத் தொழிலாளர் லயங்கள்மீது விழுந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை, விடிந்த பிறகுதான் வெளியுலகுக்கே தெரிந்தது. 70 பேர். ஏறக்குறைய அத்தனை பேரும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர், அவர்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பலர். அந்த லயங்களுக்கு என்.ஓ.சி. கேட்டவர்கள் யார்? அறையின் உயரம் அளந்தவர்கள் யார்? ஓர் அறை, ஒரு சமையலறை, முன்னால் ஒரு திண்ணை. அதற்குள் அப்பா, அம்மா, பாட்டி, மூன்று பிள்ளைகள். வெள்ளைக்காரன் காலத்து வரிசை வீடு, கம்பெனியின் சொத்து. தொழிலாளி ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். 2015 செப்டம்பரில் மூணாறு சாலையை மறித்து உட்கார்ந்த தோட்டத்துப் பெண்கள் இருபது சதவீத போனஸ் கேட்டார்கள் என்றுதான் பேப்பரில் வந்தது. ஒழுகுகிற இந்த ஓர் அறையைப் பற்றியும் அவர்கள் தொண்டை வற்றப் பேசினார்கள். லயத்து வீட்டில் பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும் என்று எந்த விதித்தொகுப்பிலும் தேடாதீர்கள், கிடைக்காது. விதித்தொகுப்புப்படி வசிக்கிற அறையில் கால்பங்குக்கு மேல் பரண் கூடாது. லயத்தில் வீடே பரண்தான்.

சரி, இதெல்லாம் நிலம், மலை, அரசியல். பள்ளிக்கூடத்துக்கே வருவோம். விதி ஏன் இருக்கிறது என்பதைக் கும்பகோணத்தில் கேட்க வேண்டும்.

2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை, காசிராமன் தெரு. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள். கீழே சத்துணவுச் சமையலறைக்குக் கீற்றுக் கூரை. மாடியிலும் கீற்றுக் கொட்டகை, அதற்குள் சின்னப் பிள்ளைகளின் வகுப்புகள். அடுப்பில் கிளம்பிய தீ சமையலறைக் கூரையைப் பிடித்தது, அங்கிருந்து மேலே தாவியது. எரிகிற கீற்று பிள்ளைகள்மீது இறங்கியது. ஓடி இறங்குவதற்குக் குறுகலான ஒரு படிக்கட்டு. 94 குழந்தைகள் செத்துப் போனார்கள்.

இந்த இடத்தில் எனக்கு அங்கதம் வரவில்லை, மன்னியுங்கள். பள்ளிப் படிக்கட்டு ஒன்றரை மீட்டர் அகலம் இருக்க வேண்டும், வெளியேறும் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்பவை புத்தகத்தில் எழுதப்பட்டிருந்தவை. அன்றைக்கு யாரும் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டவர்கள் விதித்தொகுப்பைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று ஒருவர் சான்றிதழ் கொடுத்திருந்தார். பள்ளிக்கு அங்கீகாரம் கொடுத்திருந்தார்கள். வந்து பார்த்துவிட்டுப் போன அலுவலர்கள் இருந்தார்கள். எல்லாக் கையெழுத்தும் அந்தந்தக் கட்டத்தில் ஒழுங்காக இருந்தது.

பிறகு என்ன நடந்தது என்பது தெரிந்த கதை. நீதிபதி சம்பத் தலைமையில் ஆணையம். தமிழகம் முழுவதும் பள்ளிக் கீற்றுக் கூரைகளைப் பிரித்துப் போட்டார்கள், ஏதோ தென்னை மரம்தான் குற்றவாளி என்பதைப் போல. வழக்கு பத்து ஆண்டு இழுத்தது. 2014 ஜூலை 30ஆம் தேதி தஞ்சாவூரில் தீர்ப்பு வந்தபோது, செத்த பிள்ளைகளில் பலர் இருந்திருந்தால் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பார்கள். 21 பேரில் 10 பேருக்குத் தண்டனை. பள்ளியை நடத்தியவருக்கு ஆயுள். தண்டனை பெற்றவர்களில் கல்வித்துறை ஆட்களும் உறுதிச் சான்று கொடுத்த பொறியாளரும் இருந்தார்கள். 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆயுள் தண்டனையை, அதுவரை சிறையில் கழித்த காலமே போதும் என்று சுருக்கியது. சட்டம் தன் கடமையைச் செய்தது என்று சொல்வார்கள். செய்தது, நிதானமாக.

ஒரு நல்லதும் நடந்தது. தீ விபத்துக்குப் பிறகு அவினாஷ் மெஹ்ரோத்ரா என்பவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2009 ஏப்ரல் 13 அன்று தீர்ப்பு வந்தது. பாதுகாப்பான பள்ளியில் படிப்பது கல்வி உரிமையின் பகுதி, தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி பாதுகாப்பாக இல்லாத கட்டடத்துக்கு அங்கீகாரம் கிடையாது, ஒவ்வொரு பள்ளியிலும் தீயணைப்புக் கருவி வேண்டும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அதுவரை மாநிலங்கள் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்த புத்தகம், பள்ளிகளுக்கு மட்டும் கட்டாயமானது. சிவப்பு உருளை வாங்கினார்கள். மாட்டினார்கள். பல பள்ளிகளில் அது இன்னும் மாட்டிய ஆணியிலேயே இருக்கிறது, அதற்குள் இருப்பது வாயுவா வெறும் காற்றா என்பது அடுத்த தீப்பிடிக்கும் நாளில் தெரியும்.

கேரளம் இதில் எல்லாம் முன்னோடி என்பார்கள். ஒவ்வொரு ஆண்டும் ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முன்னால் உள்ளாட்சி எஞ்சினியர் வந்து பார்த்துக் கட்டடத்துக்கு ஃபிட்னஸ் சான்று கொடுக்க வேண்டும். மே மாதக் கடைசியில் எஞ்சினியர்கள் படுகிற பாடு சொல்லி மாளாது. ஒரே வாரத்தில் எத்தனை கூரை, எத்தனை சுவர், எத்தனை டீ. 2019 நவம்பர் 20 அன்று வயநாட்டில் சுல்தான் பத்தேரியின் அரசுப் பள்ளி ஒன்றில், வகுப்பறைக்குள் இருந்த பொந்திலிருந்து பாம்பு கடித்து ஐந்தாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். அந்தப் பொந்து ஒரு நாளில் தோன்றியதில்லை. அடுத்த வாரமே மாநிலம் முழுவதும் பள்ளி வளாகங்களில் புல் வெட்டினார்கள், பொந்து அடைத்தார்கள். 2025 ஜூலை 17 அன்று கொல்லம் மாவட்டம் தேவலக்கரையில், சைக்கிள் ஷெட்டின் தகரக் கூரைமேல் விழுந்த செருப்பை எடுக்க ஏறிய எட்டாம் வகுப்புப் பையன், தலைக்கு மேல் தாழ்ந்து போன மின்கம்பி தாக்கி இறந்தான். ஷெட் எப்போது கட்டப்பட்டது, அனுமதி உண்டா, கம்பி ஏன் அவ்வளவு தாழ்வாகப் போனது, ஃபிட்னஸ் கொடுத்தது எப்படி? எல்லாக் கேள்விகளும் பையன் செத்த பிறகு ஒன்றாகக் கிளம்பின. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது. அதே மாதம் 25ஆம் தேதி ராஜஸ்தானில் ஜாலாவாட் மாவட்டத்துப் பிப்லோடி கிராமத்தில் அரசுப் பள்ளியின் கூரை இடிந்து ஏழு பிள்ளைகள் செத்தார்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக் கழிவறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள்.

கவனித்தீர்களா, பட்டியலில் யாரும் பரணிலிருந்து விழுந்து சாகவில்லை. கூரை, சுவர், பொந்து, கம்பி. அனுமதி கேட்காமலே இருந்தவை. கேட்டால் அல்லவா பார்க்க வருவார்கள்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், பரணோடு நேரடித் தொடர்பில்லாவிட்டாலும். கேரளத்தில் பஸ் போகாத மலைக்குடியிருப்புகளில் பிள்ளைகளுக்காக ஓராசிரியர் பள்ளிகள் நடத்தினார்கள். இடுக்கியிலும் நிறைய இருந்தன. ஒரு ஷெட், ஓர் ஆசிரியர், நான்கு வகுப்பு. ஆற்றைக் கடந்து, யானைக்குப் பயந்து, நடந்துபோய்ப் பாடம் நடத்தியவர்கள். 2022இல் அரசு இந்தப் பள்ளிகளை மூடியது. ஆசிரியர்களை நடுத்தெருவில் விடவில்லை, அரசுக்குக் கருணை உண்டு. பலருக்குப் பள்ளிகளில் வேலை கொடுத்தது, பெருக்குகிற வேலை. இருபது ஆண்டு சாக்பீஸ் பிடித்த கை துடைப்பம் பிடித்தது. அந்த ஷெட்டுகளில் எதற்கும் 3.6 மீட்டர் உயரம் இருந்திருக்காது. அதைச் சொல்லி யாரும் மூடவில்லை என்பதுதான் ஆறுதல். விதி அவ்வளவு தூரம் மலையேறிப் போனதே இல்லை.

டீச்சரின் மனு எங்கே இருக்கிறது? தாலூக்கு ஆபீஸுக்குப் போயிருக்கிறது. மொழிச் சிறுபான்மையினர் தமிழில் மனுக் கொடுக்கலாம், அதற்கு 1969இலேயே சட்டம் உண்டு என்று யாரோ சொன்னதால் தமிழில் எழுதியிருந்தார். மலையாளத்தில் ஒரு நகல் வேண்டும் என்று மலையாளத்தில் பதில் வந்தது. அதற்குள் மழை பிடித்துவிட்டது. மூன்றாம் வகுப்பின் பின்வரிசைப் பிள்ளைகளை முன்னால் நகர்த்தி உட்கார வைத்திருக்கிறார்கள். மூட்டைக்கும் பெஞ்சுக்கும் நடுவில் ஆயா தினம் காலையில் ஒரு கம்பை விட்டு ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளை உள்ளே விடுகிறார். இந்தக் கம்பு விதித்தொகுப்பில் இல்லை. ஆனால் அந்த அறையில் இப்போதைக்கு அமலில் இருக்கிற ஒரே பாதுகாப்பு ஏற்பாடு அதுதான்.

டீச்சருக்கு ஒரு யோசனை சொல்லலாம். மனுவை வாபஸ் வாங்கிவிடுங்கள். முறைப்படுத்துவதற்கான விண்ணப்பம் வரும், கட்டணம் கட்டினால் மீறலே முறையாகும். அதற்குள் பரணை அடித்துவிடுங்கள். வரிசையில் உங்களுக்கு முன்னால் ஆறு மாடிக்காரரும் பின்னால் எட்டு மாடிக்காரரும் நிற்பார்கள், கூச்சப்பட வேண்டாம். கட்டடத்தின் வகை என்ற இடத்தில் பள்ளிக்கூடம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், உடனே யாராவது டேப்போடு வந்துவிடுவார்கள். ‘மலைக்காட்சி உள்ள மரத்தளம், காலை உணவு உட்பட’ என்று எழுதுங்கள். பொய்யும் இல்லை. ஜன்னல் வழியாக மலை தெரிகிறது, கேரளப் பள்ளிகளில் காலை உணவும் பல இடங்களில் உண்டு. விதிமீறலின் அளவு எத்தனை சதுர மீட்டர் என்று கேட்டிருப்பார்கள். பலகையை அளந்து, புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரை சரியாக எழுதுங்கள்.